280 டிகிரி

280. இந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு வருடங்களாகப் பலரிடம் சண்டை போட்டிருக்கிறேன். அலுவலகத்தில் தேநீர் வேளையில், தமிழ்ப் பள்ளி ஆண்டுவிழாவில் பந்தி பரிமாறிக்கொண்டே, ஒருமுறை ரயிலில் முன்பின் தெரியாத ஒரு பெரியவரிடம்கூட. திசைகாட்டியில் 280 டிகிரி என்றால் நேர் மேற்கிலிருந்து பத்து டிகிரி வடக்கே சாய்ந்த திசை. தென் அட்லாண்டிக்கின் ஃபாக்லாந்து தீவுகளுக்காக பிரிட்டனும் அர்ஜென்டினாவும் போரிட்டுக்கொண்டிருந்த 1982 மே 2ஆம் தேதி மாலை, அர்ஜென்டினாவின் ‘ஜெனரல் பெல்கிரானோ’ என்ற குரூஸர் போர்க்கப்பல் அந்தத் திசையில்தான் போய்க்கொண்டிருந்தது. அந்தத் தீவுகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தன் நாட்டுக் கரைப் பக்கமாக. ஒரு நாளுக்கும் மேலாக அதன் பின்னாலேயே வந்து, டார்பிடோ போட்டு மூழ்கடித்தது ‘கான்கரர்’ என்ற பிரிட்டிஷ் அணுசக்தி நீர்மூழ்கி. 323 பேர் இறந்தார்கள். திரும்பிப் போகிறவனை முதுகில் குத்துவது போரா, கொலையா என்பதுதான் என் கேள்வி. கேள்வி என்று சொல்கிறேனே தவிர, பதிலையும் நானே கையில் வைத்திருந்தேன்.

நான் குடியிருப்பது இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில். 1982 ஏப்ரல் 5 அன்று ஹெர்மீஸ், இன்வின்சிபிள் என்ற இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்களும் இந்த ஊர்த் துறைமுகத்திலிருந்துதான் தெற்கே புறப்பட்டன. கரையில் நின்று கையசைத்தவர்கள் இன்னும் இதே தெருக்களில் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார்கள். இங்கே நின்றுகொண்டு அந்தப் போரைக் குறைசொல்வது, சித்திரைத் திருவிழா அன்று மதுரையில் நின்று அழகரைக் குறைசொல்வது மாதிரி. எனக்கு அதில் ஒரு ருசி இருந்ததை மறைக்க விரும்பவில்லை. உள்ளே வந்தால் தாக்குவோம் என்று பிரிட்டன் தீவுகளைச் சுற்றி அறிவித்த 200 கடல் மைல் விலக்கு வட்டத்துக்கு வெளியே இருந்த கப்பல், 280 டிகிரியில் விலகிப் போன கப்பல் என்று இரண்டு எண்களைப் போட்டால் எதிராளி வாயடைத்துப் போவார். ரயில் பெரியவர் மட்டும் வாயடைக்கவில்லை. “நீ கடலில் போயிருக்கிறாயா?” என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அது அப்போது எனக்கு பதிலாகவே படவில்லை.

கடலில் போன ஒருவர் என் வீட்டுக்கே வந்தார். அம்மாவின் தம்பி, தூத்துக்குடிக்காரர். 31 வருடம் சரக்குக் கப்பல்களின் என்ஜின் அறையில் கழித்து, சீஃப் என்ஜினியராக ஓய்வு பெற்றவர். இரண்டு மாதம் எங்களோடு தங்க வந்த மாமாவுக்கு லண்டன் பிடிக்கவில்லை, அரண்மனை வாசலில் நின்று “இதில் பார்க்க என்ன இருக்கிறது?” என்றார். சரி, இவருக்கு ஏற்ற இடம் எதிர்க்கரைதான் என்று ஒரு செவ்வாய்க்கிழமை கோஸ்போர்ட் படகில் ஏற்றினேன். ஐந்து நிமிடப் பயணம். அந்த ஐந்து நிமிடத்திலும் அவர் கரையைப் பார்க்காமல், காலுக்குக் கீழே ஓடும் என்ஜினின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வந்தார்.

பெரிஸ்கோப்பின் அடியில்

கோஸ்போர்ட்டில் இருப்பது பிரிட்டிஷ் கடற்படையின் நீர்மூழ்கி அருங்காட்சியகம். அலையன்ஸ் என்ற பழைய டீசல் நீர்மூழ்கியை முழுதாகத் தரையில் தூக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே நடந்து போகலாம். கான்கரர் அங்கே முழுதாக இல்லை. அதன் பெரிஸ்கோப்புகள், கேப்டனின் அறை, கட்டுப்பாட்டு அறையின் பிரதானப் பலகை ஆகியவை மட்டும் கழற்றிக் கொண்டுவந்து வைக்கப்பட்டிருக்கின்றன. மாமா விளக்க அட்டைகளைப் படிக்கிற ஆளில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு பலகையிலிருக்கும் ஒவ்வொரு அளவியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பணியில் இருக்கிற ஒருவனிடமிருந்து வாட்சை, அதாவது காவல் முறையை, வாங்கிக்கொள்ள வந்தவர் மாதிரி இருந்தது. அளவிகள் எல்லாம் பூஜ்யத்தில் நின்றன.

நான் என் கடமையைத் தொடங்கினேன். லிவர்பூலுக்கு எதிர்க்கரையான பர்கன்ஹெட்டில் 1967இல் கட்டத் தொடங்கி, 1969இல் நீரில் இறக்கி, 1971 நவம்பரில் கடற்படையில் சேர்த்த கப்பல். 87 மீட்டர் நீளம், மூழ்கிய நிலையில் 4,900 டன், 103 பேர். அணுவுலை இருப்பதால் காற்று வேண்டாம், எண்ணெய் வேண்டாம். சாப்பாடு தீரும்வரை கீழேயே இருக்கலாம். “உலை என்ன செய்கிறது?” என்றார் மாமா. தண்ணீரைச் சூடாக்கி நீராவி ஆக்குகிறது, நீராவி டர்பைனைச் சுற்றுகிறது என்றேன். “அப்படியானால் இதுவும் நீராவிக் கப்பல்தான்” என்று திருப்தியாகத் தலையசைத்தார். அணு என்ற சொல்லுக்கு அவரிடம் அவ்வளவுதான் மரியாதை.

இந்த வகைக் கப்பலின் முழுப் பணிக்காலத்தையும் ஒரே வினையில் சொல்லிவிடலாம்: பின்தொடர்வது. பனிப்போர்க் காலத்தில் வடக்கே சோவியத் நீர்மூழ்கிகளின் வால் பிடித்துப் போவது, அவை எழுப்பும் ஓசையைப் பதிவு செய்வது, பார்க்கப்படாமல் திரும்பி வருவது. வெற்றி என்றால் எதுவும் நடக்காமல் இருப்பது. 19 வருடப் பணியில் வெளியுலகம் அறிந்தது சில நாட்கள்தான். மற்றதெல்லாம் குடும்பத்தாரிடம்கூடச் சொல்லக் கூடாதது. அதனால்தான் 1982 மே மாதத்தின் அந்த முப்பது சொச்ச மணி நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரிவது எனக்கு எப்போதும் வியப்பு.

ஸ்காட்லாந்தின் ஃபாஸ்லேன் தளத்திலிருந்து ஏப்ரல் முதல் வாரத்தில் கிளம்பி, சுமார் மூன்று வாரத்தில் தென் அட்லாண்டிக் வந்து சேர்ந்தது கான்கரர். கமாண்டர் கிறிஸ் ரெஃபர்ட்-பிரவுன் அந்தக் கப்பலுக்குப் புதிது. மே 1ஆம் தேதி, எண்ணெய்க் கப்பல் ஒன்றிடம் எண்ணெய் வாங்கிக்கொண்டிருந்த பெல்கிரானோவையும் அதன் துணைக்கு வந்த இரண்டு டிஸ்டிராயர் போர்க்கப்பல்களையும் பெரிஸ்கோப்பில் கண்டார்கள். அதன் பிறகு வால் பிடிப்பு. நீர்மூழ்கி வேகமாகப் போகும்போது தன் சத்தத்தாலேயே அதன் காது அடைத்துப்போகும். எனவே ஆழத்தில் இறங்கி ஓடு, பிறகு வேகத்தைக் குறை, மேலே வந்து எட்டிப்பார், மறுபடி இறங்கி ஓடு. கண்ணாமூச்சியில் தேடுகிறவனே ஒளிந்துகொண்டு வருவது போல ஓர் ஆட்டம். அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்ததோ 1938இல் நீரில் இறக்கப்பட்ட ஒரு கிழவி. அமெரிக்கக் கடற்படையில் ‘ஃபீனிக்ஸ்’ என்ற பெயரோடு இருந்தபோது பேர்ல் ஹார்பரில் ஜப்பானியக் குண்டுவீச்சிலிருந்து கீறல் படாமல் தப்பிய கப்பல். 1951இல் அர்ஜென்டினா வாங்கியது.

சுடுவதற்கு அனுமதி வேண்டும். களத்திலிருந்த அட்மிரல் சாண்டி உட்வர்டின் கட்டளைக்குள் நீர்மூழ்கிகள் வரவில்லை. அவற்றை லண்டனுக்கு அருகே நார்த்வுட்டிலிருந்த தலைமையகம் நடத்தியது. உட்வர்டுக்கு அவசரம். வடக்கே அர்ஜென்டினாவின் விமானந்தாங்கிக் கப்பல் கண்ணில் படவில்லை, தெற்கே பெல்கிரானோ. இடுக்கி போல இரண்டும் இறுக்கிவிடும் என்று பயந்தார். தனக்கு அதிகாரம் இல்லை என்று தெரிந்தே, தாக்கும்படி கான்கரருக்கு நேரடியாகக் கட்டளை அனுப்பினார். நார்த்வுட் அதை இடையில் நிறுத்தி வைத்தது. ஆனால் இப்படி வரம்பு மீறினால்தான் மேலே கவனிப்பார்கள் என்ற அவருடைய கணக்கு பலித்தது. மே 2 பகலில், பிரதமரின் செக்கர்ஸ் மாளிகையில் கூடியிருந்த பிரதமர் தாட்சரும் அமைச்சர்களும், வட்டத்துக்கு வெளியேயும் தாக்கலாம் என்று விதியை மாற்றினார்கள். அந்தச் செய்தியும் சுலபமாகப் போய்ச் சேரவில்லை. கான்கரரின் வானொலிக் கம்பம் பழுதாகி, துண்டு துண்டாக வந்த செய்தியைப் புரிந்துகொள்ளவே நேரம் பிடித்தது.

ஆயுத விஷயத்தில் மாமாவுக்கு ஆர்வம் வந்தது. கப்பலில் இரண்டு வகை டார்பிடோ இருந்தன. ஒன்று கம்பி வழியே இயக்கும் நவீன டைகர்ஃபிஷ். மற்றது 1920களில் வடிவமைத்த மார்க் 8. குறி பார்த்து விட்டால் நேராக ஓடும், அவ்வளவுதான். ரெஃபர்ட்-பிரவுன் கிழட்டு மார்க் 8ஐ எடுத்தார். புதியது சொன்னபடி கேட்கும் என்ற நம்பிக்கை இல்லை. பழையதில் குண்டும் பெரிது, பெல்கிரானோவின் பக்கக் கவசத்துக்கு அதுதான் சரி. “நானாக இருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பேன்” என்றார் மாமா. எதை எதற்காக எடுப்பதாகச் சொல்கிறோம் என்பது அடுத்த நொடியே அவருக்கு உறைத்திருக்க வேண்டும். பேச்சை நிறுத்திவிட்டார்.

ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்திலிருந்து மூன்று டார்பிடோக்கள். இரண்டு பட்டன. ஒன்று கப்பலின் மூக்கையே பிய்த்துப்போட்டது. மற்றது பின்பாதியில், இயந்திரங்கள் இருக்கும் பகுதியில் வெடித்தது. பெரிஸ்கோப்பில் ஆரஞ்சு நிறத் தீப்பந்து தெரிந்தது என்று கமாண்டர் பின்னர் சொன்னார். இதைத்தான் செய்யக் கடற்படை தன்னைப் பதின்மூன்று ஆண்டுகளாகத் தயார்படுத்தியது, இதில் சொதப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்காது என்ற பொருளிலும் சொன்னார். அணுசக்தியால் ஓடும் நீர்மூழ்கி ஒன்று போரில் எதிரிக் கப்பலை மூழ்கடித்தது அதுதான் முதல்முறை.

தொலைந்துபோன பதிவேடு

“இதற்கு லாக் புக் எங்கே?” என்று கேட்டார் மாமா. கண்ணாடிப் பெட்டிக்குள் எங்காவது வைத்திருப்பார்கள் என்ற நினைப்பில் சுற்றுமுற்றும் பார்த்தார்.

நான் காத்திருந்த கேள்வி. தொலைந்துவிட்டது மாமா என்றேன். கான்கரரின் கட்டுப்பாட்டு அறைப் பதிவேடு, சரியாக அந்த நாட்களுக்குரியது, இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்று 1984இல் வெளியே வந்தது. மாமா சிரிக்கவில்லை, அதிர்ச்சி அடைந்தார். கப்பலில் லாக் புக் தொலையாது என்றார். கப்பலைக் கைவிட்டுப் படகில் இறங்கும்போதுகூட கேப்டன் கையில் எடுத்துக்கொண்டு இறங்குகிற பொருள் அது. அதில் அழிப்பான் படக் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் குறுக்கே ஒரே ஒரு கோடு. கோட்டுக்கு அடியில் பழைய எழுத்து படிக்கும்படி இருக்க வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதிச் சுருக்கொப்பம். “தப்புச் செய்தது தப்பில்லை. தப்பு தெரியாமல் போவதுதான் தப்பு” என்று ஒரு கிரேக்கக் கேப்டன் அவருக்கு முதல் கப்பலில் சொல்லிக்கொடுத்தாராம்.

அந்த மூழ்கடிப்பின் கதையில் லண்டன் செய்ததெல்லாம் இந்தப் பாடத்துக்கு நேர் எதிர். மே 4ஆம் தேதி பாதுகாப்பு அமைச்சர் ஜான் நாட், பெல்கிரானோ எங்கள் கடற்படையை நெருங்கிக்கொண்டிருந்தது என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். நெருங்கவில்லை, விலகிக்கொண்டிருந்தது. ஆரம்பக் குழப்பத்தில் வந்த பிழை என்று விட்டுவிடலாம். ஒரு கோடு போட்டுத் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. மறுவருடம் மே 24 அன்று தொலைக்காட்சி நேரலையில் டயானா கூல்ட் என்ற ஆசிரியை தாட்சரை மடக்கினார். வட்டத்துக்கு வெளியே, ஃபாக்லாந்தை விட்டு விலகிப் போன கப்பலை ஏன் அடித்தீர்கள் என்று அவர் கேட்க, அது விலகிப் போகவில்லை என்று தாட்சர் சாதித்தார். கூல்ட் விடவில்லை. 280 என்ற எண்ணைச் சொன்னார். என் எண் அவரிடமிருந்து வந்ததுதான். நாட்டின் பிரதமர் முகத்தில் எரிச்சலும், எதிரே ஒரு ஆசிரியையின் குரலில் நிதானமும். அந்தக் காட்சியை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை.

பிறகு கிளைவ் பாண்டிங். பாதுகாப்பு அமைச்சகத்தின் உயரதிகாரி. மூழ்கடிப்பின் உண்மையான கால வரிசையைத் தொகுக்கும் வேலை அவர் மேசைக்குத்தான் வந்தது. நாடாளுமன்றத்துக்குச் சொல்லப்படுவது வேறு, தன் கோப்பில் இருப்பது வேறு என்று கண்டு, விடாமல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த டாம் டால்யெல் என்ற உறுப்பினருக்கு 1984 ஜூலையில் இரண்டு ஆவணங்களை அனுப்பினார். அரசு ரகசியச் சட்டத்தில் வழக்கு. நாட்டு நலன் என்பது அன்றைய அரசு எதைச் சொல்கிறதோ அதுதான் என்று நீதிபதி ஜூரிகளுக்கு எடுத்துச் சொன்னார். 1985 பிப்ரவரியில் ஜூரிகள் பாண்டிங்கை விடுதலை செய்தார்கள். அரசு சும்மா இருக்குமா? 1989இல் சட்டத்தை மாற்றி, பொதுநலனுக்காகச் செய்தேன் என்று வாதாடும் வழியை அடைத்தது.

பதிவேடு எங்கே போனது என்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பெல்கிரானோவை மூழ்கடித்துவிட்டு ஜூலையில் ஃபாஸ்லேன் திரும்பிய கான்கரர், அடுத்த மாதமே மறுபடி கிளம்பி வடக்கே பேரன்ட்ஸ் கடலுக்குப் போனது. போலந்துக் கொடி பறக்கும் ஒரு உளவுக் கப்பல், சோவியத்தின் புதுவகை ஒலிவாங்கிச் சரத்தைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு திரிந்தது. அந்தக் கப்பலின் அடிவயிற்றுக்குக் கீழே நுழைந்து, மூக்கில் பொருத்திய வெட்டுக் கருவியால் 3 அங்குலத் தடிமனுள்ள எஃகு வடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து, அந்தச் சரத்தைத் திருடிக்கொண்டு வந்தார்கள். பாறையில் சிக்கி அறுந்தது போல் தோன்ற வேண்டும் என்பதற்காக ஒரேயடியாக வெட்டவில்லை. இது வெளியுலகுக்குத் தெரிய 2012 ஆனது. இந்தத் திருட்டைக் காப்பாற்றத்தான் பதிவேடுகள் காணாமல் போயின என்று ஒரு வாதம் அதன்பின் எழுந்தது. மாமாவுக்கு இந்தக் கதை மிகவும் பிடித்தது. எனக்கும்தான். ஆள் சாகாத ஒரே காரணத்தால் இதைக் குற்ற உணர்ச்சி இல்லாமல் ரசிக்க முடிகிறது. அந்தக் கப்பலின் வாழ்க்கையில் ஆகத் திறமையான காரியம் இதுதான் என்று எனக்குத் தோன்றும்.

நான் சொல்லாமல் விட்டது

இங்கே ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். 280ஐ வைத்துச் சண்டை போட்ட காலத்திலேயே, அந்த எண்ணைப் பலவீனமாக்கும் செய்திகளும் எனக்குத் தெரியும். ஏப்ரல் 23ஆம் தேதியே பிரிட்டன் சுவிட்சர்லாந்து தூதரகம் வழியாக அர்ஜென்டினாவுக்கு எச்சரிக்கை அனுப்பியிருந்தது: வட்டத்துக்கு உள்ளேயோ வெளியேயோ, அச்சுறுத்தும் கப்பல் தாக்கப்படலாம் என்று. அந்த மூழ்கடிப்பு சட்டப்படியான போர்ச் செயலே என்று அர்ஜென்டினாவின் பாதுகாப்பு அமைச்சகமே 1994இல் ஏற்றுக்கொண்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, பெல்கிரானோவின் கேப்டன் எக்டர் பான்சோ. கப்பலை இழந்தவர், தன் ஆட்களை இழந்தவர்; கோபப்பட உலகிலேயே அதிக உரிமை உள்ளவர். அவர் 2003இல் சொன்னது, மேற்கே போனது தற்காலிக நகர்வு, பிரிட்டிஷ் கப்பலைக் கண்டால் தாக்கச் சொல்லித் தனக்கும் உத்தரவு இருந்தது என்பதே. அதைப் போர்க்குற்றம் என்று அவர் அழைக்கவில்லை.

இதையெல்லாம் நான் எந்த விவாதத்திலும் சொன்னதில்லை. எதிராளிக்குத் தெரிந்திருந்தால் சொல்லட்டும் என்று விட்டுவிடுவேன். என் பதிவேட்டிலும் சில பக்கங்கள் இல்லை.

மாமாவிடம் மட்டும் ஏனோ சொன்னேன். அந்தப் பலகைக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் நடுவராக ஒரு தீர்ப்பு சொல்வார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. 280 டிகிரி, வட்டம், சுவிஸ் எச்சரிக்கை, பான்சோ என்று இரண்டு பக்கத்தையும் அடுக்கி முடித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

“எத்தனை மணிக்கு அடித்தார்கள்?”

அந்த ஊர் நேரப்படி மாலை நான்கு மணியை ஒட்டி என்றேன்.

“எங்கள் கப்பலில் அது வாட்ச் மாறும் நேரம்” என்றார். பன்னிரண்டு முதல் நான்கு வரை நின்றவன் கையைத் துடைத்துக்கொண்டு மேலே ஏறக் காத்திருப்பான். நான்கு மணிக்காரன் தேநீர் குடித்துவிட்டுக் கீழே இறங்கிக்கொண்டிருப்பான். இரண்டு ஆட்களும் ஒரே இடத்தில் நிற்கிற ஐந்து நிமிடம் அது. என்ஜின் அறையில் இருக்கிறவனுக்குக் கப்பல் எந்தத் திசையில் போகிறது என்பதே தெரியாது மாப்பிள்ளை, என்றார். திசை மேலே இருக்கிறவர்களின் சமாச்சாரம். கீழே சுழற்சி எண்ணிக்கை தெரியும், எண்ணெய் அழுத்தம் தெரியும், ஒவ்வொரு வாட்சிலும் கடல்நீரின் வெப்பத்தை லாக்கில் எழுதுவோம், குளிர்விக்க அந்தத் தண்ணீர்தான் உள்ளே வருகிறது என்பதால். “கையை வைத்தாலே எந்தக் கடலில் இருக்கிறோம் என்று குழாய் சொல்லிவிடும்.”

பிறகு, “தண்ணீர் எவ்வளவு குளிராக இருந்தது?” என்று கேட்டார்.

பன்னிரண்டு வருடம் இந்த விஷயத்தைத் தின்று குடித்திருக்கிறேன். நாடாளுமன்றத்தில் யார் எந்தத் தேதியில் என்ன பொய் சொன்னார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். தண்ணீரைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை. பெல்கிரானோவில் இருந்த 1,093 பேரும் எனக்கு விவாதத்தின் முடிவில் சொல்கிற ஒரு எண். குரலைத் தாழ்த்திச் சொன்னால் வேலை செய்யும் எண். சொல்லத் தெரியாமல் விழித்தேன். மாமா அதைப் பெரிதுபடுத்தவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார், சாப்பிடப் போனோம்.

இரவின் நீளம்

அன்றிரவு உட்கார்ந்து, இதுவரை புரட்டாத பக்கங்களைத் தேடிப் படித்தேன். இறந்த 323 பேரில் பெரும்பாலோர் வெடிப்பிலும் புகையிலும் கப்பலுக்குள்ளேயே போனவர்கள். மின்சாரம் போய்விட்டதால் நீரை இறைக்க முடியவில்லை, ஒலிபெருக்கி பேசவில்லை. அரைமணி நேரத்துக்குள் கப்பலைக் கைவிட உத்தரவு. ஆரஞ்சு நிறத் தெப்பங்களில் இறங்கினார்கள். துணைக்கு வந்த இரண்டு டிஸ்டிராயர்களுக்கு என்ன நடந்தது என்று முதலில் தெரியவே இல்லை. அந்தி மங்கலில், வானொலி இறந்துபோன நிலையில், அவை மேற்கே போய்க்கொண்டே இருந்தன. இரவில் புயல் எழுந்து தெப்பங்களைச் சிதறடித்தது. அதில் ஒரு விவரம் என்னை விட்டுப் போகவில்லை. அளவுக்கு மீறி ஆள் ஏறிய தெப்பங்களில் இருந்தவர்கள், ஒருவர் மேல் ஒருவர் கிடந்து, உடற்சூட்டில் பிழைத்தார்கள். நாலைந்து பேர் மட்டும் வசதியாக ஏறிய தெப்பங்களில் குளிர் ஆளைக் கொன்றது.

கப்பலில் ராணுவத்தைச் சேராத இருவர் இருந்தார்கள். கேன்டீன் நடத்திய அண்ணன் தம்பி. இருவரும் திரும்பவில்லை.

மறுநாள் ஒரு நெப்டியூன் விமானம் தெப்பங்களைக் கண்டது. குருச்சாகா என்ற சிறிய கப்பல் மட்டுமே முந்நூறுக்கும் மேற்பட்டவர்களைத் தூக்கியது. கடைசியில் 770 பேர். இதை எழுதும்போது என் பழைய கட்சி மாறிவிட்டதா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். அடித்தது குற்றம் என்று இனி வாதிட மாட்டேன். போர் என்று இறங்கியபின் அந்த அட்மிரலின் இடத்தில் இருக்கிற எவரும் அதைத்தான் கேட்டிருப்பார். ஆனால் நியாயப்படுத்தக்கூடிய ஒரு காரியத்தைப் பொய்யால் நியாயப்படுத்தினார்களே, அந்த எரிச்சல் குறையவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் டயானா கூல்டுக்குக் கேட்க ஒன்றும் இருந்திருக்காது, பாண்டிங் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு ஓய்வு பெற்றிருப்பார். நானும் இந்தப் பன்னிரண்டு வருடம் ஒரு திசைகாட்டியைக் கட்டிக்கொண்டு அழுதிருக்க மாட்டேன்.

கான்கரரின் மிச்சக் கதையைக் கேட்டால் சிரிப்புதான் வரும். ஃபாஸ்லேனுக்குள் நுழைந்தபோது கடற்கொள்ளையரின் மண்டையோட்டுக் கொடியைப் பறக்கவிட்டார்கள். கடற்படையில் அது முதல் உலகப் போரிலிருந்தே வரும் பழக்கம். கொடியில் ஒரு அணுச் சின்னம், ஒரு குத்துவாள், ஒரு குரூஸரின் வெள்ளை நிழலுரு. ஆறு வருடம் கழித்து, 1988 ஜூலையில், வட அயர்லாந்து பக்கம் ஒரு பாய்மரப் படகின் மேல் மோதி அதை மூழ்கடித்தது இதே கப்பல். படகில் இருந்த நால்வரும் பிழைத்தார்கள். அதைக் கொடியில் சேர்க்கவில்லை. 1990இல் ஓய்வு. அணுவுலைப் பகுதியை என்ன செய்வது என்ற கேள்வியோடு, உடைப்பதற்கு முறை வருவதற்காக டெவன்போர்ட் கப்பல்தளத்தில் மிதந்தபடி காத்திருக்கிறது. சேவையில் இருந்ததைவிட அதிக வருடம் சும்மா நிற்கிறது.

ஊருக்குத் திரும்பிய மாமாவிடம் ஒருநாள் தொலைபேசியில் தெப்பங்களைப் பற்றிச் சொன்னேன். நெரிசலான தெப்பம் பிழைத்ததைக் கேட்டு “ம்” என்றார். அவருக்கு அது செய்தியாகத் தெரியவில்லை. அண்ணன் தம்பி கதைக்கு ஒன்றும் சொல்லவில்லை. சற்றுப் பொறுத்து, “அந்தப் பக்கம் மே மாதம் குளிர்காலத் தொடக்கம் அல்லவா, எப்போது விடியும்?” என்றார். இந்தத் தடவை தயாராக இருந்தேன். தெற்கே 55 டிகிரி அட்சரேகையில், அந்தத் தேதியில், சூரியன் மாலை ஐந்தரைக்கு மறையும், மறுநாள் காலை எட்டரைக்கு மேல்தான் எழும், கணக்குப் போட்டுப் பார்த்தேன் மாமா, என்றேன்.

“பதினைந்து மணி நேரம்” என்றார். அத்தை பின்னாலிருந்து யார் என்று கேட்டார். “நம் மாப்பிள்ளைதான்” என்று அவரிடம் சொல்லிவிட்டு, அங்கே இப்போது மழையா என்று என்னைக் கேட்டார்.